புழுக்கத்தில் பறக்கும் மெல்லிய முடி: கைக்காசை எந்தப் பாட்டிலில் போடுவது?

காற்றில் ஈரம் ஏறிய நாளில் மெல்லிய முடிக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. ஒன்றும் தடவாமல் விட்டால் உச்சியைச் சுற்றிப் பஞ்சு பறக்கும். எதையாவது தடவினால் ஒரு மணி நேரத்தில் எண்ணெய் வழிந்தது போலத் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் 'ஃப்ரிஸ்' (இப்படி முடி பறப்பது) என்று பெயர் போட்டு விற்கும் பொருள்களில் பெரும்பகுதி தடித்த, வறண்ட, சுருண்ட முடியை மனத்தில் வைத்துச் செய்தவை. அதனால்தான் தோழிக்கு அற்புதமாக வேலை செய்த கிரீம் உங்கள் தலையில் வந்ததும் பிசுபிசுக்கிறது. எண்ணெய், சீரம், அலசாமல் அப்படியே விடும் லீவ்-இன் கண்டிஷனர், ஜெல், ஹேர் ட்ரையர், ஸ்ட்ரெய்ட்னர், பார்லர் சிகிச்சை என்று வரிசையாக நிற்கும் இவற்றில் காசு குறைவாக இருக்கும்போது எதை முதலில் வாங்குவது, எதை வாங்கவே வேண்டாம் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஒரு சின்னச் சோதனை. மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு. தலையில் நிறைய முடி இருந்தும் ஒவ்வொரு இழையும் மெல்லியதாக இருக்கலாம். உதிர்ந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். விரலுக்கு ஏதோ இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய இழை. தையல் நூல் போலத் தட்டுப்பட்டால் தடித்தது. தடித்தது என்றால் கீழே சொல்லும் அளவுகள் உங்களுக்குப் போதாது.

ஏன் பறக்கிறது?

முடியின் உட்பகுதி கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் ஒரு வகை, நீர் பட்டால் அவிழ்ந்து, காய்ந்ததும் அப்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். இவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னல் போட்டால் மறுநாள் அலை விழுவது இதனால்தான். புழுக்கத்தில் காற்றின் ஈரமே இந்த அவிழ்ப்பு வேலையைச் செய்துவிடுகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கையில் முடி தன் எடையில் சுமார் 15 சதவீத நீரைப் பிடித்து வைத்திருக்கும். 100 சதவீதத்தை நெருங்கும்போது அது 30 சதவீதம் வரை போகும். நன்றாக நனைந்த இழையின் குறுக்களவு ஏறத்தாழ 15 சதவீதம் பருக்கும், நீளமோ 2 சதவீதம் அளவில்தான் கூடும். இந்தப் பருமன் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறுவதில்லை. மேற்புறச் செதில் தேய்ந்த இடத்தில் அதிகமாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் ஏறுவதால் ஒவ்வொரு இழையும் தன் போக்கில் முறுக்கிக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகுகிறது.

மெல்லிய முடிக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. ஒரு இழையின் வளையாத விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குறுக்களவு பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஒரு சின்ன முறுக்கு போதும், இழை எழுந்துவிடும். ஒரு துளி எண்ணெய் போதும், படுத்துவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. புழுக்கத்தில் முடிக்கு ஈரம் பஞ்சமில்லை. 'ஆழமான ஈரப்பதம் தரும்' என்று விளம்பரம் செய்யும் பாட்டில் வறண்ட காற்றுக்கு உரியது. நமக்கு வேண்டியது முடி காயும் நேரத்தில் அதன் வடிவைப் பிடித்து வைக்கும், எடையே தெரியாத ஒரு மெல்லிய படலம். ஆகவே ஒவ்வொரு பொருளையும் இரண்டே கேள்விகளால் எடைபோடலாம்: படலம் நிற்குமா? பாரம் ஏறுமா?

எண்ணெய்

விலை குறைவு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் குளித்த பிறகு தடவும் பொருளாக மெல்லிய முடிக்கு இதுதான் கடைசித் தேர்வு. எண்ணெய் இழைகளை வழுக்க வைக்கும், வடிவைப் பிடிக்காது, பாரமும் ஏற்றும். மதியத்துக்குள் தூசியையும் சேர்த்துக்கொள்ளும்.

குளிப்பதற்கு முன் என்றால் கதை வேறு. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறு நீண்ட நேரான வடிவம் கொண்டது, அளவிலும் சிறியது. அதனால் முடிக்குள் இறங்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, அலசும்போது முடி புரதம் இழப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தோள் நீள முடிக்கு அரை முதல் ஒரு டீஸ்பூன், காது மட்டத்துக்குக் கீழே மட்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம், பிறகு ஷாம்பு. இதன் பலன் அன்றைக்கே கண்ணில் படாது. மாதக்கணக்கில் முடி உடைவது குறையும்போதுதான் தெரியும். செலவு ஏறக்குறைய இல்லை என்பதால் வைத்துக்கொள்ளலாம்.

சீரம்

பெரும்பாலான சீரம்கள் சிலிக்கோன் கலவை. சைக்ளோபென்டாசிலோக்சேன் தடவ உதவிவிட்டு ஆவியாகிவிடும். டைமெதிகோன் தங்கி இழையைப் போர்த்தும். உரசல் குறையும், பளபளப்பு வரும், சிக்கு எளிதில் பிரியும். ஈரம் உள்ளே போவதை ஓரளவு தாமதப்படுத்துமே ஒழியத் தடுக்காது. வடிவைப் பிடிக்கும் சக்தியும் இல்லை. சீரத்தை மட்டும் நம்பியவர்களுக்குக் காலையில் கண்ணாடி போல இருக்கும் முடி மதியம் பறப்பது இதனால்தான்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தோள் நீளத்துக்கு இரண்டு சொட்டு. பம்பை ஒரு முறை முழுதாக அழுத்தினால் அதைப் போலப் பல மடங்கு வந்துவிடும். இரண்டு உள்ளங்கையிலும் பளபளப்பு மட்டும் தெரியும் வரை தேய்த்து, ஈரமான முடியில் நுனியிலிருந்து மேலே காது வரை போங்கள். உச்சிக்குக் கையில் மிஞ்சிய ஈரப்பசை போதும். இரண்டு சொட்டு என்பது சுமார் 0.1 மி.லி.; 50 மி.லி. பாட்டில் அந்தக் கணக்கில் 500 முறைக்கு வரும். எனவே கடையில் இருப்பதிலேயே சிறிய பாட்டிலை வாங்குங்கள்.

சாயம் போட்ட, ப்ளீச் செய்த முடிக்கு மட்டும் சீரத்தின் மதிப்பு கூடும். பொருள் பட்டியலில் அமோடைமெதிகோன் இருந்தால் அது சேதமான இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், நல்ல இடத்தில் அதிகம் குவியாது. மெல்லிய முடிக்கு வேண்டியதும் அதுதான்.

லீவ்-இன் கண்டிஷனர்

இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான லீவ்-இன், அலசும் கண்டிஷனரின் நீர்த்த வடிவம்தான். அலசும் கண்டிஷனரில் ஒரு டீஸ்பூனை 100 மி.லி. தண்ணீரில் கலக்கி நுனிப் பகுதியில் மட்டும் தெளித்தால் வேலை முடிந்தது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். நீர் சேரும்போது பாட்டிலில் இருந்த பதப்படுத்தியும் நீர்த்துவிடும், மிச்சத்தை வைத்திருந்தால் கிருமி வளரும்.

கடையில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பட்டியலின் முதல் ஐந்து பெயருக்குள் கிளிசரின் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிசரின் நீரை இழுக்கும் பொருள். சுற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும்போது அது இழுத்துக்கொண்டே இருக்கும். முடி பருத்து, தொட்டால் ஒட்டும்.

ஜெல்

ஒரே ஒரு ஸ்டைலிங் பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். சீரத்தின் பக்கம் சாய்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஜெல் என்றதும் ஈரம் சொட்டும் முள்ளம்பன்றித் தலை நினைவுக்கு வருவது இயல்பு. அது அளவு மிஞ்சியதால் வந்த கெட்ட பெயர். ஜெல்லில் இருக்கும் பாலிமர்கள் (படலமாக உறையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) காயும்போது பக்கத்து இழைகளை ஆங்காங்கே புள்ளி புள்ளியாக ஒட்டிக் கற்றையாக்குகின்றன. தனியாக நிற்கும் மெல்லிய இழைக்கு விறைப்பு இல்லை. பத்து இழை சேர்ந்த கற்றைக்கு உண்டு. மற்ற எந்தப் பாட்டிலும் இந்த வேலையைச் செய்வதில்லை.

எல்லா ஜெல்லும் புழுக்கத்துக்கு ஒத்துவராது. விலை குறைந்தவற்றில் பிவிபி என்ற பாலிமர் மட்டும் இருக்கும். அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் தானே ஈரத்தை உறிஞ்சி மதியத்தில் பிசுபிசுத்துத் தளர்ந்துவிடும். விபி/விஏ கோபாலிமர் என்று பட்டியலில் இருந்தால் ஈரத்துக்குக் கூடுதலாகத் தாங்கும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டிய அவசியமில்லை; பாட்டிலைத் திருப்பிப் படிக்கும் பொறுமைதான் வேண்டும். இங்கும் கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் தவிர்க்கவும்.

செய்யும் முறை: தண்ணீர் சொட்டுவது நிற்கும் வரை முடியைப் பிழிந்துகொள்ளுங்கள், ஆனால் நன்றாக ஈரமாகவே இருக்கட்டும். பாதி காய்ந்த பிறகு ஜெல் போட்டால் அதற்குள் பறந்த இழைகள் பறந்தபடியே உறைந்துவிடும். தோள் நீளத்துக்கு ஒரு டீஸ்பூன் ஜெல்லை உள்ளங்கைகளில் பரப்பி, கும்பிடுவது போலக் கைகளுக்கு நடுவே முடியை வைத்து மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். அகலப் பல் சீப்பால் ஒரே ஒரு முறை சீவுங்கள். நேர் முடி என்றால் அப்படியே விடலாம். அலை விழும் முடி என்றால் நுனியை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி நாலைந்து முறை கசக்கிவிடுங்கள். பிறகு முழுதாகக் காயும் வரை கை படக்கூடாது. இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். காதுக்குப் பின்னால் ஒதுக்குவதும் விரலை விட்டுக் கோதுவதும் உருவாகிக்கொண்டிருக்கும் கற்றையைப் பிரித்துவிடும்.

காய்ந்ததும் முடி மொறமொறவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது வர வேண்டியதுதான். ஒரு சொட்டு சீரத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு முடியைக் கொத்தாகப் பிடித்து அமுக்கிவிட்டால் மொறமொறப்பு உடைந்து வடிவு மட்டும் மிஞ்சும். சீப்பால் உடைக்காதீர்கள்.

வெள்ளைப் பொடி உதிர்ந்தால் இரண்டு காரணங்கள்: அளவு கூடிவிட்டது, அல்லது உள்ளே போட்ட கண்டிஷனரோடு ஜெல் சண்டை போடுகிறது. கண்டிஷனரில் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட பொருள், பல ஜெல்களைக் கெட்டியாக்கும் கார்போமரோ எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் சேர்ந்தால் திரிந்துபோகலாம். தலையில் போடும் முன் உள்ளங்கையில் இரண்டையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சேரும், பால் திரிந்தது போல மணல்மணலானால் சேராது.

மிகமிக மெல்லிய முடிக்கு ஜெல்லைவிட மூஸ் எனப்படும் நுரை பொருத்தம். பாலிமர் அதே இனம்தான், பாரம் இன்னும் குறைவு. கோழிமுட்டை அளவு நுரை போதும். ஒரு முறைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஜெல்லைவிடக் கூடுதலாக வரும்.

வீட்டிலேயே காய்ச்சும் ஆளிவிதை ஜெல்லைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கால் கப் விதையை இரண்டு கப் தண்ணீரில் கிளறிக்கொண்டே கொதிக்க வைத்து, முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும்போது, சுமார் ஏழெட்டு நிமிடத்தில், சூடாகவே மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். ஆறவிட்டால் துணியில் இறங்கவே இறங்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள். செலவு மிகக் குறைவு, பாரமும் இல்லை. ஆனால் அதன் படலம் சர்க்கரை வகைப் பொருளால் ஆனது, ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மிதமான நாளில் நன்றாக இருக்கும், கொட்டும் புழுக்கத்தில் கடை ஜெல்லுக்கு ஈடாகாது. கற்றாழைச் சாறும் இதே கதைதான். முட்டை, மயோனைஸ் போன்றவற்றைத் தலையில் பூசுவதில் எதிர்பார்க்கும் புரதப் பலன் இல்லை. அந்தப் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழையும் அளவில் இல்லை.

பாட்டிலுக்கு முந்தைய வேலை

மேலே சொன்ன எதுவும் கண்டிஷனர் இல்லாத முடியில் உருப்படியாக நிற்காது. மெல்லிய முடி படுத்துவிடும் என்று பயந்து கண்டிஷனரையே விட்டவர்களுக்குத்தான் பறப்பது அதிகம். பாரம் வருவது கண்டிஷனரால் அல்ல, அதை வேரில் பூசுவதால். காதுக்குக் கீழே பூசி, விரலால் சிக்கெடுத்து, இரண்டு நிமிடம் கழித்து நன்றாக அலசுங்கள். பட்டியலில் பெஹென்ட்ரிமோனியம் அல்லது செட்ரிமோனியம் என்று தொடங்கும் ஒரு பெயரும், செட்டரைல் ஆல்கஹாலும் இருந்தால் போதும். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இது உலர்த்தாது, மெழுகு போன்ற மென்மைப் பொருள். விலை உயர்ந்த பாட்டிலிலும் முக்கிய வேலையைச் செய்வது இதே இனங்கள்தான். கடைசியில் பனி போன்ற நீரை ஊற்றினால் செதில் மூடிக்கொள்ளும் என்று நடுங்க வேண்டாம். அந்த வழுவழுப்பைத் தருவது கண்டிஷனரே.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவது மட்டும் கூடாது. சோப்பு காரத்தன்மை கொண்டது, பி.ஹெச். 9 முதல் 10 வரை இருக்கும். கார நீரில் முடி கூடுதலாகப் பருத்து இழைகளுக்கு இடையே உரசல் ஏறும். உப்புத் தண்ணீரில் சோப்பு படியவும் செய்யும்.

துவட்டுவதற்குப் பழைய பருத்தி பனியனோ டி-ஷர்ட்டோ போதும். டவலின் நூல் வளையங்கள் ஈரத்தில் ஊறிய செதிலைப் பிடித்து இழுக்கும், டி-ஷர்ட் துணி இழுக்காது. தேய்க்காமல் அமுக்கி எடுங்கள். மைக்ரோஃபைபர் துண்டு நல்லதுதான், ஆனால் இலவசமாகக் கிடைக்கும் பனியனைவிட அதற்குப் பெரிய மேன்மை இல்லை.

ட்ரையரா, ஸ்ட்ரெய்ட்னரா, காற்றா?

வறண்ட காற்றில் தானாகக் காயவிடுவது சிறந்த வழி. புழுக்கத்தில் அது பலவீனமான வழி. முடி காய மூன்று நான்கு மணி நேரம் ஆனால் அவ்வளவு நேரமும் அது அசைந்துகொண்டே, அசைந்த வடிவிலேயே கட்டிக்கொள்கிறது. அதனால் மெல்லிய முடிக்காரர்களுக்கு ஹேர் ட்ரையர் ஆடம்பரம் அல்ல. 2011இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், 15 செ.மீ. தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே உலர்த்தியபோது மேற்பரப்பில் சிறிது சேதம் இருந்தாலும், உள்ளே செல்களை ஒட்டிவைக்கும் அடுக்கு சேதமானது வெகுநேரம் ஈரத்தில் தானாகக் காயவிட்ட முடியில் மட்டுமே. எனவே அந்த 15 செ.மீ. தூரத்தை விடாமல், மிதமான சூட்டில், காற்று வேரிலிருந்து நுனிக்குப் போகும்படி பிடியுங்கள். கடைசி ஒரு நிமிடம் குளிர் காற்று. அலை முடிக்கு, காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் கிண்ணம் முனையில் வேண்டும். நேர் முடிக்குக் குறுகிய வாய் போதும்.

வாங்கும்போது குளிர் காற்றுப் பொத்தானும் இரண்டு சூட்டு நிலையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'அயானிக்' என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்: அது தணிப்பதாகச் சொல்லும் நிலை மின்னூட்டம் வறண்ட காற்றின் தொல்லை, புழுக்கத்தில் அது பிரச்சினையே இல்லை.

ஸ்ட்ரெய்ட்னர் நேராக்குவதும் அதே ஹைட்ரஜன் பிணைப்புகளைத்தான். வாசலைத் தாண்டியதும் காற்று அதை அவிழ்க்கத் தொடங்கிவிடும். மறுபடி இழுத்தால் மறுபடி சூடு. மெல்லிய இழை உடையும். உடைந்த குட்டை முடி உச்சியில் எழுந்து நிற்கும், அதுவும் பறப்பதாகவே தெரியும். வைத்திருப்பவர்கள் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி, கற்றைக்கு ஒரே இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வெப்ப அளவைக் குறைக்க வசதி இல்லாத கருவி இலவசமாக வந்தாலும் வேண்டாம். ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து இழைக்குள் குமிழியை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி முறியும்.

பார்லர் ஸ்மூத்தனிங்

பார்லரில் மருந்து தடவிச் சூடு வைத்து முடியை வழவழப்பாக்கும் சிகிச்சை இது. சில மாதங்களுக்குப் பறப்பது அடங்கும் என்பது உண்மை. ஆனால் 'கெரட்டின் சிகிச்சை' என்று விற்கப்படும் பலவற்றில் வேலை செய்வது கெரட்டின் அல்ல, சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பொருள்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்ற அட்டைக்குப் பின்னால் மெத்திலீன் கிளைகால் என்ற பெயர் இருந்தால் அது நீரில் கரைந்த அதே ஃபார்மால்டிஹைடுதான். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலத்தைப் பயன்படுத்திய சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும், மெல்லிய முடி ஏற்கெனவே இல்லாத பருமனை இன்னும் இழந்து தலையோடு படிந்துவிடும். குறைந்த பணத்தில் முடிவெடுப்பவருக்கு இது கணக்கில் வராது.

வாங்கும் வரிசை

ஒரே பாட்டிலுக்குத்தான் காசு என்றால் கண்டிஷனர். ஏற்கெனவே இருந்தால் ஜெல். மூன்றாவதாகச் சிறிய சீரம். காசு சேர்ந்த பிறகு ட்ரையர். ப்ளீச் செய்த முடிக்கு மட்டும் அமோடைமெதிகோன் உள்ள சீரம் ஜெல்லுக்கு முன்னால் வரட்டும். எதை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று குளியல் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சில வாரங்களில் முடி மொத்தமாகக் கனத்துத் தளர்ந்தால் பொருள்கள் படிந்துவிட்டன என்று அர்த்தம். சிலிக்கோன் இல்லாத, நன்றாக நுரைக்கும் ஷாம்புவால் ஒரு முறை இரண்டு தடவை அலசினால் சரியாகும்.

உச்சியில் எழும் குட்டை முடிக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். பழைய டூத்பிரஷ்ஷைக் கழுவி வைத்துக்கொண்டு, முனையில் பட்டாணியில் பாதி அளவு ஜெல் தொட்டு, வகிட்டின் இரு பக்கமும் வருடிவிடுங்கள். மதியம் மறுபடி பறந்தால் சீப்பை எடுக்காதீர்கள். கையை நனைத்து நன்றாக உதறிவிட்டு, மிச்சம் இருக்கும் ஈரத்தோடு முடியின் மேற்பரப்பை மட்டும் வழித்துவிட்டால் காலையில் போட்ட ஜெல்லே மறுபடி இளகிப் பிடித்துக்கொள்ளும். அது காயும் வரை ஐந்து நிமிடம் கை வைக்காமல் இருக்க வேண்டும்.